முண்டக்கை: மழைமானி சொன்ன எண்ணும் அதன்பின் நடந்ததும்

கேரளத்தின் வயநாடு மாவட்டத்தில், மேப்பாடி பஞ்சாயத்துக்கு உட்பட்ட முண்டக்கை, சூரல்மலைப் பகுதியில் மழை எப்படி அளக்கப்பட்டது, அந்த அளவை வைத்து என்ன முடிவுகள் எடுக்கப்பட்டன என்பதை இந்த ஆய்வு 2019 முதல் 2024 வரை பின்தொடர்கிறது. ஒரே மலைச்சரிவுக்கு இரண்டு முறை எச்சரிக்கை போயிருக்கிறது. 2020-ல் எச்சரிக்கை வந்ததும் மக்கள் இடம் மாற்றப்பட்டார்கள். நிலச்சரிவு வந்தது, உயிர்ச்சேதம் இல்லை. 2024-ல் ஏறக்குறைய 16 மணி நேரத்துக்கு முன்பே எச்சரிக்கை போனது. ஆனால் ஜூலை 30 அதிகாலை மலை சரிந்து, இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாகச் சேர்த்து ஏறத்தாழ 300 பேரை இழந்தோம்.

இரண்டு முறையும் மழையை அளந்தது ஒரே அமைப்பு, கல்பெட்டாவின் ஹ்யூம் மையம். அப்படியானால் வேறுபாடு எங்கே வந்தது? நீலகிரி, வால்பாறை, மூணாறு பக்கம் மழைமானி வைத்திருப்பவர்களும் வைக்க நினைப்பவர்களும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. மழை அளந்தவர்கள், அதிகாரிகள், வீடும் உறவும் இழந்தவர்கள் யாருடைய பெயரும் இங்கே இல்லை.

பின்னணி

வயநாட்டின் பரப்பு சுமார் 2,132 சதுர கிலோமீட்டர். அதற்குள் மழை ஒரே மாதிரி பெய்வதில்லை. அரபிக்கடலில் இருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று மலை விளிம்பில் மோதும் மேற்குப் பக்கத்தில், லக்கிடி, மேப்பாடி போன்ற இடங்களில், மழை கொட்டித் தீர்க்கும். கர்நாடக எல்லையை ஒட்டிய புல்பள்ளி, முள்ளங்கொல்லி பக்கம் அதே மாவட்டத்திலேயே வறட்சி பேசப்படும். மாவட்டம் முழுமைக்கும் ஒரே எண்ணைச் சொன்னால் இந்த இரண்டு இடங்களில் ஏதோ ஒன்றுக்கு அது பொருந்தாது.

முண்டக்கைக்கு நிலச்சரிவு புதிதல்ல. 1984 ஜூலையிலும் அங்கே சரிவு வந்து உயிர்கள் போயின. 2019 ஆகஸ்ட் 8 அன்று சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் புத்துமலையில் மலை சரிந்து 17 பேர் இறந்தார்கள். அவர்களில் 5 பேரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. அதே நாளில் மலப்புறம் மாவட்டத்தின் கவளப்பாறையில் 59 பேர் இறந்தார்கள். அதே மழையில்தான் நம் நீலகிரியின் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 911 மி.மீ பதிவானது. எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மேகக்கூட்டம்தான்.

முண்டக்கை, அட்டமலை, சூரல்மலை எல்லாம் தேயிலை எஸ்டேட் ஊர்கள். தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டில் இருந்து கூலி வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள் பல. தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய எஸ்டேட் லைன் வீடுகள், ஆற்றங்கரை ஓரமாகக் கடைத்தெரு, பள்ளிக்கூடம், கோயில், மசூதி என்று ஊர் ஆற்றை ஒட்டியே வளர்ந்தது. சம தரை கிடைப்பது அங்கேதான் என்பதால் வேறு வழியும் பெரிதாக இல்லை.

மழைமானிகளின் வலை

கல்பெட்டாவில் இயங்கும் ஹ்யூம் சூழலியல், காட்டுயிர் உயிரியல் மையம் வயநாடு முழுவதும் மழைமானிகளைப் பரப்பியது. எண்ணிக்கை 200-ஐத் தாண்டியது. பெரும்பாலும் எளிய கருவிகள்தான். விவசாயிகள், எஸ்டேட் ஊழியர்கள், வீட்டில் இருப்பவர்கள் என்று ஆர்வமுள்ளவர்கள் தினமும் காலையில் அளவைப் பார்த்து அனுப்புவார்கள். மையம் அவற்றைத் தொகுத்து எந்தப் பகுதியில் எவ்வளவு பெய்திருக்கிறது என்று வெளியிடும்.

அரசின் வானிலை நிலையங்கள் மாவட்டத்துக்கு விரல்விட்டு எண்ணும்படி இருக்கும்போது, இப்படி ஊருக்கு ஊர் ஒரு மானி இருப்பது பெரிய விஷயம். ஒரு மலையின் இந்தச் சரிவில் 50 மி.மீ, அடுத்த சரிவில் 200 மி.மீ என்று பெய்வது இங்கே சாதாரணம். அதைச் செயற்கைக்கோளும் தூரத்து ரேடாரும் துல்லியமாகப் பிரித்துச் சொல்வது கடினம்.

மையம் இன்னொரு வேலையும் செய்தது. பழைய சரிவுகளையும் அந்தந்த நாட்களின் மழையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இப்பகுதியில் தொடர்மழை 600 மி.மீ அளவை நெருங்கினால் நிலச்சரிவு வரக்கூடும் என்று ஒரு வரம்பைக் கணித்தது. என்னைப் பொறுத்தவரை மொத்த முயற்சியிலும் மதிப்பு மிகுந்தது இந்த வரம்புதான். வரம்பு இல்லாமல் 200, 130 என்று எண்கள் மட்டும் வந்துகொண்டிருந்தால், அதைப் பார்ப்பவருக்கு நல்ல மழை என்பதற்கு மேல் எதுவும் புரியாது.

2020: எச்சரிக்கை, வெளியேற்றம், சரிவு

2020 ஆகஸ்ட்டில் மழை வலுத்தபோது, மானிகளின் அளவுகளை வைத்து மையம் முண்டக்கைப் பகுதிக்கு எச்சரிக்கை கொடுத்தது. மாவட்ட நிர்வாகம் அதை ஏற்று மக்களை இடம் மாற்றியது. அது கொரோனா காலம். முகாமில் கூட்டம் சேர்ப்பதே ஆபத்து என்று எல்லாரும் பயந்த நேரத்தில் அந்த முடிவு எடுக்கப்பட்டது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு முண்டக்கையில் சரிவு வந்தது. யாரும் இறக்கவில்லை.

அதே மழையில், ஆகஸ்ட் 6 இரவு, மூணாறை அடுத்த ராஜமலையின் பெட்டிமுடியில் லைன் வீடுகள் மேல் மலை சரிந்தது. 70 பேர் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அங்கே முன்கூட்டி யாரும் இடம் மாற்றப்படவில்லை. முண்டக்கையில் 2020-ல் கிடைத்த பலன் எவ்வளவு பெரியது என்பதை இந்த ஒப்பீடு காட்டுகிறது. ஆனால் யாரும் சாகாத நிகழ்வு செய்தியில் நிற்பதில்லை. அன்று என்ன எண்ணைப் பார்த்து என்ன முடிவு எடுத்தோம் என்பது எழுத்தில் ஒரு நிலையான விதியாக மாறவில்லை. 2020-ல் முடிவு சரியாக அமைந்ததற்கு, முந்தைய ஆண்டு புத்துமலையில் நடந்தது எல்லார் மனத்திலும் இருந்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நான்கு ஆண்டுகள் கழித்து அந்த நினைவு அவ்வளவு கூர்மையாக இருந்திருக்காது.

2024 ஜூலை 28, 29: அளவுகள்

ஜூலை 28 ஞாயிற்றுக்கிழமை. முண்டக்கைக்கு மிக அருகில் இருந்த கள்ளாடி மழைமானியில் 200 மி.மீ பதிவானது. அன்று இரவில் மட்டும் இன்னொரு 130 மி.மீ. திங்கள் காலை சுமார் ஒன்பதரை மணிக்கு மையம் இந்த அளவுகளுடன் மாவட்ட நிர்வாகத்துக்கு எச்சரிக்கை அனுப்பியது. மழை இப்படியே தொடர்ந்தால் 600 மி.மீ வரம்பை எட்டும், சரிவு வரக்கூடும், மக்களை மாற்றுவது நல்லது என்பது அதன் சாரம்.

அன்று வானிலைத் துறை வயநாட்டுக்குக் கொடுத்திருந்தது ஆரஞ்சு எச்சரிக்கை. 24 மணி நேரத்தில் 115.6 முதல் 204.4 மி.மீ வரை மழையை எதிர்பார்க்கலாம் என்பது அதன் பொருள். அது மாவட்டம் முழுமைக்குமான எச்சரிக்கை. கள்ளாடியில் ஏற்கெனவே என்ன பெய்திருக்கிறது என்பது அந்த நிறத்தில் அடங்காது. இரண்டு தகவல்களும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. ஒன்று நாளை மாவட்டத்தில் எவ்வளவு பெய்யலாம் என்கிறது. மற்றது இந்த மலை இதுவரை எவ்வளவு குடித்திருக்கிறது என்கிறது. நிலச்சரிவுக்கு இரண்டாவது தகவல்தான் முக்கியம். வாரக்கணக்கில் ஊறிய மண்ணுக்கு மேல் விழும் 100 மி.மீ, காய்ந்த மண்ணில் விழும் 300 மி.மீ-ஐ விட ஆபத்தானதாக இருக்கலாம்.

எடுத்த முடிவுகளும் எடுக்காத முடிவும்

திங்கள் பகலில் ஆற்றில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்து, மேல்பகுதியான புஞ்சிரிமட்டம் பக்கம் சில குடும்பங்கள் வீட்டைவிட்டு வெளியேறின. ஆனால் முண்டக்கை, சூரல்மலை அளவில் பரவலான வெளியேற்றம் நடக்கவில்லை. ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருக்கும் சூரல்மலைக் கடைத்தெருவுக்கு ஆபத்து வரும் என்று பெரும்பாலோர் எதிர்பார்க்கவும் இல்லை. மேலிருந்து சூரல்மலைக்கு வந்தால் பத்திரம் என்பதுதான் பொதுவான எண்ணம்.

ஏன் இப்படி ஆனது? ஒருவரைக் காட்டி இவர்தான் காரணம் என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. நிர்வாகத்தின் மேசையில் அன்று பல எச்சரிக்கைகள் இருந்தன. வானிலைத் துறையின் ஆரஞ்சு ஒன்று. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் நிலச்சரிவு முன்னறிவிப்பு ஒன்று. அதற்கான தேசிய மையம் கொல்கத்தாவில் தொடங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஜூலை 30, 31 தேதிகளுக்கு அத்துறை கொடுத்தது பச்சை என்று அன்றைய கேரள முதல்வர் பினராயி விஜயன் பின்னர் சொன்னார். மத்திய அரசு 23-ஆம் தேதியில் இருந்தே எச்சரித்தோம் என்று நாடாளுமன்றத்தில் சொன்னது. மாநில அரசு அதை மறுத்தது. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. இங்கே கவனிக்க வேண்டியது வேறு: ஊர் மழைமானியின் எண்ணுக்கு அரசு நடைமுறையில் இடமே இருக்கவில்லை. அது ஓர் ஆலோசனையாக வந்தது. கள்ளாடியில் இத்தனை மி.மீ ஆனால் இந்த வார்டுகள் காலியாக வேண்டும், உத்தரவு போடுபவர் இவர் என்று முன்பே எழுதி வைக்கப்படவில்லை. எழுதி வைக்காதபோது முடிவெடுப்பவர் ஒவ்வொரு முறையும் முதலில் இருந்து யோசிக்க வேண்டியிருக்கிறது. ஒன்றும் நடக்காவிட்டால் மக்களிடம் என்ன பதில் சொல்வது என்ற தயக்கமும் அந்த யோசனையில் சேர்ந்துகொள்கிறது.

தயக்கத்துக்குக் காரணமும் உண்டு. வெளியேறு என்றால் ஒரு நாள் கூலி போகும். மாடு கன்றை யார் பார்ப்பது? பள்ளிக்கூட முகாமில் கைக்குழந்தையோடும் நோயாளியோடும் எப்படித் தங்குவது? மூன்று முறை வெளியேறி மூன்று முறையும் ஒன்றும் நடக்காவிட்டால் நான்காவது முறை யாரும் அசைய மாட்டார்கள். இதைத் தெரிந்த அதிகாரி தயங்குவதில் வியப்பில்லை. முகாமில் சாப்பாடும், கழிப்பறையும், போன கூலிக்கு ஏதாவது ஈடும் இருந்தால்தான் எச்சரிக்கையை மக்கள் தொடர்ந்து மதிப்பார்கள்.

அந்த இரவு

திங்கள் பகலும் இரவும் மழை விடவில்லை. முதல்வர் பின்னர் வெளியிட்ட கணக்குப்படி முதல் 24 மணி நேரத்தில் 200 மி.மீ, அடுத்த 24 மணி நேரத்தில் 372 மி.மீ. 48 மணி நேரத்தில் 572. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ மழை என்றால் 1 லிட்டர். அப்படியானால் மலையில் ஒவ்வொரு சதுர கிலோமீட்டரிலும் இரண்டு நாளில் 57 கோடி லிட்டருக்கு மேல் விழுந்திருக்கிறது.

மையம் சொன்ன வரம்பு 600. பெய்தது 572. இவ்வளவு நெருக்கமாக அமைந்ததில் தற்செயலும் இருக்கலாம். ஆனால் ஊரில் கிடைத்த அளவுகளை வைத்து ஊர்க்காரர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து போட்ட கணக்கு தப்பவில்லை.

ஜூலை 30, நள்ளிரவு தாண்டி ஒன்று, இரண்டு மணி அளவில் புஞ்சிரிமட்டத்துக்கு மேலே மலை சரிந்தது. நான்கு மணி அளவில் இன்னொன்று. சரிவு தொடங்கிய இடம் கடல்மட்டத்தில் இருந்து சுமார் 1,550 மீட்டர் உயரத்தில் இருந்ததையும், சுமார் 86,000 சதுர மீட்டர் நிலம் பெயர்ந்ததையும், பாறையும் மரமும் சேறும் ஆற்றின் வழியே ஏறத்தாழ 8 கிலோமீட்டர் ஓடியதையும் இஸ்ரோவின் தொலையுணர்வு மையம் படம் பிடித்துக் காட்டியது. முண்டக்கையும் சூரல்மலையும் அந்த வழியில் இருந்தன. பாலம் போனது, பள்ளிக்கூடம் சிதைந்தது. உடல்கள் சாலியாற்றில் அடித்துச் செல்லப்பட்டு நிலம்பூர் பக்கம் கிடைத்தன. வானிலைத் துறையின் சிவப்பு எச்சரிக்கை வந்தபோது காலை ஆறு மணி.

பின் வந்தவை

ராணுவம் 190 அடி நீளத்துக்குத் தற்காலிக இரும்புப் பாலம் அமைத்த பிறகுதான் கனரக இயந்திரங்கள் முண்டக்கைக்குப் போக முடிந்தது. உடல்களை அடையாளம் காண மரபணுச் சோதனை மாதக்கணக்கில் நடந்தது. உயிர் தப்பியவர்களுக்காகக் கல்பெட்டாவில் புதுக் குடியிருப்பு எழுப்ப முடிவானது. புல்பள்ளியில் வானிலை ரேடார் அமைக்க அனுமதி கிடைத்தது.

அறிவியலாளர்களும் கணக்குப் பார்த்தார்கள். பருவநிலை மாற்றத்தின் பங்கை ஆராயும் பன்னாட்டுக் குழு ஒன்று, மனிதர் உண்டாக்கிய வெப்பமயமாதலால் இந்த ஒரு நாள் மழை சுமார் 10 சதவீதம் கூடியது என்றது. அந்த ஆய்வில் ஒரு நாள் மழையாக வருவது 140 மி.மீ-க்குச் சற்று மேல். கள்ளாடி மானியில் 372. இரண்டும் பொய்யில்லை. ஆய்வு எடுத்தது ஒரு பெரிய வட்டாரத்தின் சராசரி. மானி சொன்னது ஒரு மலைச்சரிவின் நிலை. சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு 140 என்பது கன மழை. சரிவில் இருப்பவருக்கு 372 என்பது உயிர் போகும் மழை. ஊருக்கு ஒரு மானி ஏன் வேண்டும் என்று யாராவது கேட்டால் இந்த இரண்டு எண்களையே காட்டுவேன்.

என்ன மாற வேண்டும்

முதலாவது, நாளுக்கு ஒரு முறை பார்ப்பது மழைக்காலத்தில் போதாது. வழக்கமாகக் காலை எட்டரை மணிக்குப் பார்த்து எழுதுகிறோம். 29-ஆம் தேதி காலைக்குப் பிறகு பெய்த மழையை அடுத்த நாள் காலையில்தான் பார்ப்பதென்றால், அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். 24 மணி நேர அளவு 100 மி.மீ-ஐத் தாண்டியதும் மூன்று மணிக்கு ஒரு முறை பார்ப்பது என்று மாற வேண்டும். இருட்டிய பிறகு ஆற்றோரம் போய்ப் பார்ப்பதே ஆபத்து என்பதால், மானியை வீட்டுப் பக்கத்தில், கூரையும் மரமும் மறைக்காத இடத்தில், அவற்றின் உயரத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு தள்ளி வைக்க வேண்டும். மாலை ஆறு மணி அளவுதான் மிக முக்கியம். இரவில் மக்களை நகர்த்துவதா என்று முடிவெடுக்க வெளிச்சம் இருக்கும் கடைசி நேரம் அது.

இரண்டாவது, கருவியின் கொள்ளளவு. பரவலாகப் பயன்படும் நான்கு அங்குல விட்டமுள்ள பிளாஸ்டிக் மானி ஏறத்தாழ 280 மி.மீ கொள்ளும். 372 மி.மீ பெய்தால் அது வழிந்துவிடும், மீதி கணக்கில் வராது. கன மழையில் இடையிடையே அளந்து கொட்டிவிட்டுக் கூட்டிக்கொள்ள வேண்டும். தானியங்கி மானி இருந்தாலும் பக்கத்தில் சாதா மானி ஒன்று இருக்கட்டும். சருகு அடைத்துக்கொண்ட தானியங்கி மானி மழையே இல்லை என்று சொல்லும். அப்புறம், மழை இல்லாத நாளில் பூஜ்யம் என்று எழுத வேண்டும். வெற்று இடம் விட்டால், மழை இல்லையா, ஆள் பார்க்கவில்லையா என்று பின்னால் தெரியாது.

மூன்றாவது, வரைபடம். சரிவு தொடங்கும் இடத்தை மட்டும் சிவப்பாக்கினால் போதாது, சேறு ஓடி வரும் வழியையும் சேர்க்க வேண்டும். சூரல்மலையில் இறந்தவர்கள் செங்குத்தான சரிவில் வீடு கட்டியவர்கள் அல்லர். சரிவின் மூலத்தில் இருந்து பல கிலோமீட்டர் தள்ளி, ஆற்றோரம் இருந்தவர்கள். எந்த வீட்டுக்காரர் எங்கே போக வேண்டும் என்று சொல்லும்போது, கீழே போ என்பது சில சமயம் சாவை நோக்கி அனுப்புவதாகிவிடும். ஆற்றுப் படுகையை விட்டு விலகிய மேட்டுக்குத்தான் போகச் சொல்ல வேண்டும்.

நான்காவது, செய்தி போகும் வழி. மின்சாரமும் செல்போன் கோபுரமும் முதலில் போகும். கோயில், மசூதி, தேவாலய மைக், எஸ்டேட் சங்கு, வார்டு மெம்பர் நேரில் போய்க் கதவைத் தட்டுவது ஆகியவற்றை நம்பித்தான் திட்டம் இருக்க வேண்டும். மலையாளம், தமிழ் மட்டும் போதாது. எஸ்டேட்டுகளில் இன்று வட மாநிலத் தொழிலாளர்கள் நிறைய இருக்கிறார்கள், அவர்களுக்குப் புரியும் இந்தியிலும் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த எண்ணுக்கு எந்தச் செயல் என்று முன்கூட்டியே முடிவு செய்து, கையெழுத்துப் போட்டு, பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டி வைக்க வேண்டும். இலங்கையில் இது நடைமுறையில் இருக்கிறது. அங்குள்ள தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம், 24 மணி நேரத்தில் 75 மி.மீ என்றால் கவனம், 100 என்றால் தயார், 150 என்றால் வெளியேறு என்று மூன்று படிகளை வகுத்து, மலையகத்து ஊர்களுக்கு எளிய மானிகளையும் கொடுத்திருக்கிறது. மானியைப் பார்ப்பவர் யாருடைய அனுமதிக்காகவும் காத்திருக்க வேண்டாம் என்பது அதன் பலம். ஆனால் அந்த எண்களை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ள முடியாது. மேப்பாடியிலோ கூடலூரிலோ ஜூலை மாதத்தில் 75 மி.மீ அடிக்கடி பெய்யும். ஒவ்வொரு முறையும் மணி அடித்தால் ஒரே வாரத்தில் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். நமக்கு ஒரு நாள் அளவோடு, இரண்டு நாள், மூன்று நாள் கூட்டுத்தொகையும் வேண்டும்.

அந்த எண்களைக் கண்டுபிடிக்கப் புதிதாக ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை. வால்பாறையிலும் நீலகிரியிலும் மூணாறிலும் பழைய எஸ்டேட் அலுவலகங்களில் தினசரி மழைப் பதிவேடுகள் தலைமுறைக் கணக்கில் இருக்கின்றன. 2009 நவம்பரில் நீலகிரியில் 40-க்கும் மேற்பட்டோரைக் கொன்ற சரிவுகள், 2019 ஆகஸ்ட், 2020 ஆகஸ்ட் என்று தேதிகள் தெரியும். பதிவேட்டைக் கேட்டு வாங்கி, அந்தத் தேதிகளுக்கு முந்தைய மூன்று நாள் மழையைக் கூட்டி, சரிவு வந்த இடங்களையும் வராத இடங்களையும் பக்கத்தில் எழுதினால் முதல் வரம்பு கிடைத்துவிடும். பஞ்சாயத்துத் தலைவர், எஸ்டேட் மேனேஜர், தாசில்தார் மூவரையும் தென்மேற்குப் பருவமழைக்கு முன், மே மாதத்திலேயே ஒரு மேசையில் உட்கார வைத்து அந்த வரம்பின் கீழ் கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.